கோயில்பிச்சைக்கு ஒரே நிழல்

கூத்தனளத்தில் இரண்டாவது நிழல் முதன்முதலாகப் பேச்சித்தங்கத்தின் பின்னால்தான் வந்தது. பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை எட்டரை மணிக்கு, தலையில் உப்புக் கூடையோடு அவள் பாத்தி வரப்பில் போய்க்கொண்டிருந்தபோது, அவளுடைய சொந்த நிழலுக்குப் பத்தடி தள்ளி, தொப்பி வைத்து, முழங்கால் வரைக்கும் தொங்குகிற கோட்டு மாட்டிய ஆம்பளை நிழல் ஒன்று, ஆளே இல்லாமல், வெள்ளை உப்பின் மேல் நடந்து வந்தது. பேச்சித்தங்கம் நின்றாள், அதுவும் நின்றது. பேச்சித்தங்கம் நடந்தாள், அதுவும் நடந்தது. கூடையை உப்புக் குவிக்கிற அம்பாரத்தில் தட்டிவிட்டுத் திரும்பியவள், எதிரே வந்த ஆவுடைக்கனியை நிறுத்தினாள்.

"ஏளா கனி, எம் பின்னால ஒருத்தன் வாரான் பாரு. இந்த வெயில்ல கோட்டு போட்டிருக்கானே, வெந்து போவமாட்டானா?"

கனி பார்த்தாள். "இஸ்தான்புல் ரயிலடியில நின்னவன்தான் மயினி" என்றாள். முந்தின நாள் மத்தியானம் வாசித்த அத்தியாயத்தில் அவன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான்.

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் பேச்சித்தங்கம் அடுத்த கூடைக்குப் போனாள்.

உப்பளத்து வேலை விடியுமுன்னே தொடங்கிவிடும். பதினொரு மணிக்கு மேல் தரையைப் பார்த்தால் கண் அவிந்துவிடும் என்பதால் எல்லோரும் ஓலைக் கொட்டகைக்குள் வந்து விழுவார்கள், வெயில் தாழ்கிற வரைக்கும் அங்கே யாராவது ஒருத்தர் எதையாவது வாசிக்க வேண்டும் என்பது அந்த அளத்து வழக்கம். பத்தாவது வரைக்கும் படித்த ஆவுடைக்கனிதான் ஏழெட்டு வருடமாக வாசிப்பவள். கடலை மடித்த காகிதம், மருந்துச் சீட்டு, போன வருடத்துப் பஞ்சாங்கம் என்று எது கிடைத்தாலும் வாசித்தாள். அப்படி வெறும் வாயை மென்றுகொண்டிருந்த கொட்டகைக்கு அவலாக வந்து சேர்ந்ததுதான் அந்த நாவல். எடைமேடை இன்பராஜ், குட்டையாய்ப் போன மேசைக் காலுக்கு முட்டுக் கொடுக்கத் தூத்துக்குடிப் பழைய பேப்பர் கடையில் அதை வாங்கிவந்தார். அட்டை கிடையாது, எழுதினவர் பெயர் கிடையாது. பக்கத்துத் தலையில் மட்டும் 'ஏழு நாற்காலி' என்று இருந்தது. மேசைக்கு அடியிலிருந்து அதை உருவி எடுத்து, பதிலுக்கு ஒரு செங்கலை வைத்தவள் கனி.

கதை இதுதான். ஜெனீவாவில், வெளியே பனி கொட்டுகிற ஒரு மாளிகையில், ஏழு நாற்காலிக்கு ஏழு பேர் இருக்கிறார்கள். உலகத்தில் எங்கே கப்பல் கவிழ்ந்தாலும், எந்த ஊர் மந்திரி மாரடைப்பில் போனாலும், எது விலை ஏறினாலும், எது விலை இறங்கினாலும், எல்லாம் அவர்கள் போட்ட கணக்கு. விபத்து என்று ஒன்று கிடையவே கிடையாது என்று நாலு பக்கத்துக்கு ஒரு தரம் யாராவது ஒருத்தன் சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டு சொல்வான். கொட்டகையில் இருந்தவர்கள் ஜெனீவாவைக் கண்டார்களா, பனியைக் கண்டார்களா? ஆனால் அந்த ஒரு வார்த்தை வரும்போதெல்லாம் 'ஆங்' என்று பெருமூச்சு விட்டார்கள். மாசி மாதத்தில் மழை பெய்து கட்டி நின்ற உப்பையெல்லாம் கரைத்துக்கொண்டு போனது ஏன், கால் வெடிப்பு ஆறாதது ஏன், பெரியாஸ்பத்திரிக்குப் போனவர்கள் திரும்பாதது ஏன் என்று இத்தனை காலம் சாமியைத்தான் கேட்டிருந்தார்கள், சாமி ஒரு தடவைகூட நேராகப் பதில் சொன்னதில்லை. இந்த ஏழு பேர் சொன்னார்கள். அதுவும் சுற்றி வளைக்காமல், அத்தியாயத்துக்கு ஒரு பதிலாகச் சொன்னார்கள்.

ஒரு வாரத்துக்குள் கதை கேட்ட அத்தனை பேருக்கும் பின்னால் நிழல் வந்துவிட்டது. ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், வெளியூர் மாப்பிள்ளையை எடுத்துக்கொள்கிற மாதிரி எடுத்துக்கொண்டது. முதலில் குறை சொன்னார்கள், பிறகு இடம் ஒதுக்கினார்கள், அப்புறம் பெருமை பேசினார்கள். நிழல் மிதித்தால் உப்பு கெட்டுப்போகுமோ என்று கங்காணி குனிந்து, அது நடந்த இடத்து உப்பை நாக்கில் வைத்துப் பார்த்து, கரிப்பு குறையவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். பெண்கள் குளிக்கிற தொட்டியைச் சுற்றி ஓலைத் தட்டி கட்டினார்கள். நிழல்கள் தட்டிக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. அந்த மட்டுக்கும் மானம் மரியாதை தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் என்று பெண்களுக்குத் திருப்தி. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் கோயிலுக்குள் தொப்பி கூடாது என்றதும், சுவரோரமாக நின்ற முப்பத்தெட்டு நிழல்களும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டன. பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணுக்கு ஆள் போட்டிருக்காவளா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நிழல் இல்லாத அவமானம் தாங்காமல் பஞ்சாயத்துத் தலைவர் மூன்று மத்தியானம் சாக்குமேல் உட்கார்ந்து கதை கேட்டார், நாலாம் நாள் அவருக்கு மட்டும் இரண்டு நிழல் வந்தன. தலைவர் என்றால் சும்மாவா?

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஆனால் மூன்று தலைமுறையாக அந்த ஊரை ஒருத்தரும் திரும்பிப் பார்த்ததில்லை. பஸ்கூட அங்கே நிற்காது, வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் உப்புச் சுமக்கிற ஒருத்தி எந்த வரப்பில் போகிறாள், யாரோடு பேசுகிறாள், எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறாள் என்று தெரிந்துகொள்ள ஜெனீவாவிலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்றால், அது மாலை மரியாதை இல்லாமல் வேறு என்ன?

ஆவுடைக்கனிக்கு நிழல் வந்தது பதினோராவது அத்தியாயம் வாசித்த மறுநாள். அந்த அத்தியாயத்தில் வியன்னாவில் ஓர் இன்ஜினியர் மோட்டார் அறையில் கரண்ட் அடித்துச் செத்துப்போகிறான். எல்லோரும் விபத்து என்கிறார்கள், ஆனால் வயரை அறுத்து வைத்தது மூன்றாவது நாற்காலி. அந்த வரியைக் கனி இரண்டு தரம் வாசித்தாள். கொட்டகை முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது.

ஏனென்றால் மூன்று வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழை விட்ட காலையில், அவளுடைய புருஷன் வேல்ச்சாமி அப்படித்தான் செத்தார். கிணற்றிலிருந்து பாத்திக்கு உப்புத்தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரைப் போடப் போனவர் மோட்டார் கொட்டகை வாசலிலேயே விழுந்தார். அது அவர் வேலையே இல்லை. மோட்டார்க்காரன் கோயில்பிச்சைக்கு அன்றைக்குக் காய்ச்சல். "ஒரு நிமிச வேலைதானே, நீங்கதான் போயி போட்டுட்டு வாங்களேன், கஞ்சி ஆறட்டும்" என்று அனுப்பியது கனி. உப்புக்காற்று இரும்பையே தின்னும், வயரின் தோலை விட்டுவைக்குமா? அவர் ஈரக் காலோடு போனார். அவ்வளவுதான் நடந்தது. அந்த 'அவ்வளவுதான்' என்பதைத்தான் கனியால் மூன்று வருடமாக விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

இப்போது நிழல் வந்தது. அவள் கடைக்குப் போனால் கடைவரைக்கும் வந்தது, தண்ணீர்க் குடத்தோடு நின்றால் கூடவே நின்றது, சாயங்காலம் அவள் கதவைச் சாத்தும்வரைக்கும் வாசலில் காத்திருந்தது. புருஷன் போனபிறகு அவள் வீட்டுக்கு வந்தாளா, வழியில் விழுந்து கிடந்தாளா என்று கவலைப்பட ஒரு நாதி கிடையாது. இது கவலைப்பட்டது. அது உளவு பார்க்க வந்தது என்று தெரிந்தும் கனி அதன்மேல் ஆசை வைத்தாள். அதைவிட, அது வந்ததற்கு ஓர் அர்த்தம் இருந்தது. ஜெனீவாக்காரன் அவளைக் கவனிக்கிறான் என்றால் வேல்ச்சாமியையும் கவனித்திருப்பான். கவனித்திருந்தால் கொன்றும் இருப்பான். அவன் கொன்றிருந்தால், கஞ்சி ஆறட்டும் என்று சொன்னவள் கொல்லவில்லை.

ஆனால் கௌரவம் ஒரு கதவால் வந்தால் சந்தேகம் மறு கதவால் வரும். ஏழாவது நாற்காலி காலியாகவே இருக்கிறது என்றும், அதற்குரியவன் ஜெனீவாவில் இல்லை, பலியாடுகளோடு ஆடாக, அவர்கள் சோற்றைத் தின்றுகொண்டு அவர்களுக்குள்ளேயே இருக்கிறான் என்றும் இருபதாவது அத்தியாயத்தில் வந்தது. அன்றையிலிருந்து டீக்கடையில் பேச்சு செத்தது. சாமியார் இரண்டு தடவை இருமினால் அது யாருக்குச் சமிக்ஞை என்று பார்த்தார்கள். சிவப்புச் சேலை காய்ந்தால் ஒரு கண், பச்சைச் சேலை காய்ந்தால் ஒரு கண். அக்காளுக்குத் தெரியாமல் தங்கச்சி பால் வாங்கினாள். பேச்சித்தங்கம் தினம் ஒரு வரப்பு மாற்றி நடந்து, இரண்டு தரம் சேற்றில் விழுந்து, அதுவும் அவர்கள் திட்டம்தான் என்றாள். இன்பராஜ் எடைமேடையை விட்டுவிட்டு யார் யாரோடு எத்தனை நிமிடம் பேசுகிறார்கள் என்று கவனிக்கிற உத்தியோகத்தை எடுத்துக்கொண்டார்.

கொட்டகையில் எல்லோருக்கும் வேண்டியிருந்தது ஒரே ஒரு பெயர். அது கடைசிப் பக்கத்தில் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். புத்தகத்தில் கடைசிப் பக்கமே இல்லை என்பது கனிக்கு மட்டும் தெரியும். முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், 'ஏழாவது நாற்காலிக்கு உரியவன் மெல்லத் திரும்பினான். அவனுடைய முகம்' என்பதோடு காகிதம் அறுந்து போயிருந்தது.

அந்த இடத்துக்கு வந்தபோது கொட்டகை முழுக்க முன்னால் குனிந்தது. கிழிந்துபோச்சு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண்ணைக் காகிதத்திலிருந்து எடுக்காமல், அதே வாசிப்புக் குரலில், ராகம் மாறாமல் கனி வாசித்தாள்: "அவனுடைய முகம் எல்லோருக்கும் தெரிந்த முகம்தான். ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் பின்னால் ஆள் போட்டவன் தனக்குப் பின்னால் ஆள் போட்டுக்கொள்வானா? அவனுக்கு ஒரே நிழல்தான் இருந்தது."

வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொண்டாள்.

கோயில்பிச்சைக்கு ஒரே நிழல்தான். கூன் விழுந்து, கையில் எண்ணெய் டப்பாவோடு, அவன் காலை விட்டு அங்கே இங்கே நகராத நிழல். அவன் கதை கேட்டதில்லை. இருபது வருடம் மோட்டார் பக்கத்திலேயே கிடந்து காது மந்தமாகிப்போன ஒண்டிக்கட்டைக்கு எந்தக் கதை கேட்கும்? மத்தியானம் மோட்டார் கொட்டகையில் துண்டை விரித்துத் தூங்கிவிடுவான். ஆனால் கதை கேட்காததால்தான் நிழல் வரவில்லை என்று யோசிக்க அந்த ஊரில் ஒருத்தர்கூட மிச்சம் இல்லை.

"செவுடு மாரி நடிக்கான் வே. செவுடன்கிட்டதான நாம எல்லாத்தையும் பேசிருவோம்?" என்றார் இன்பராஜ்.

"வேல்ச்சாமி செத்த அன்னைக்குப் பாத்துக் காய்ச்சல் வந்துச்சாம்ல" என்றாள் பேச்சித்தங்கம். "உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆவணும்."

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவனைத் தூக்கத்திலிருந்து எழுப்பாமல், வேலையிலிருந்து பிடித்து இழுத்து வந்தார்கள். மோட்டார் கொட்டகையைச் சோதனை போட்டதில், தகர டப்பாவுக்குள் மஞ்சள் துணியில் சுற்றி வைத்த ஒரு முழம் வயர் கிடைத்தது. தோல் உரிந்து, ஒரு பக்கம் கரிந்து போன பழைய வயர். இன்பராஜ் அதைக் கையில் தூக்கிப் பிடித்ததும், அம்பாரத்தைச் சுற்றி நின்ற கூட்டத்திலிருந்து ஒரு முனகல் எழுந்தது. கூட்டத்துக்குப் பின்னால் நின்ற நிழல்கள் அத்தனையும் ஓர் அடி முன்னால் வந்தன.

"இனி என்ன சாட்சி வேணும்? கையக் கட்டிக் கெணத்துல எறக்குங்க. மத்த ஆறு பேரு பேரும் தன்னால வெளிய வரும்" என்றார் இன்பராஜ்.

கோயில்பிச்சைக்கு நீச்சல் தெரியாது. அது எல்லோருக்கும் தெரியும், கனிக்கும் தெரியும். அவன் கையைப் பின்னால் கட்டி வரப்பு வழியாகக் கிணற்றுப் பக்கம் நடத்திக்கொண்டு போனார்கள், கனியும் கூடவே போனாள். உள்ளதைச் சொல்ல வேண்டும், அவள் மனசு குளிர்ந்திருந்தது. மூன்று வருடமாக நெஞ்சில் கிடந்த பாரத்தை யாரோ இறக்கி இன்னொருத்தன் தலையில் வைத்துவிட்டார்கள். தலை மாறினால் பாரம் பாரமா?

வரப்பில் கோயில்பிச்சை இடறி விழுந்தான். எழுப்பி நிறுத்தியபோது அவன் முகத்துக்கு நேராகக் கனி நின்றிருந்தாள். என்ன நடக்கிறது என்று அவனுக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை. ஊர் கோபமாக இருக்கிறது என்பது மட்டும் முகங்களைப் பார்த்துப் புரிந்திருந்தது. அவன் காது கேளாதவர்களுக்கே உரிய பெரிய குரலில் சொன்னான்:

"தங்கச்சி, மோட்டார் ஓடிட்டே கெடக்கு. யாரையாச்சும் போயி நிறுத்தச் சொல்லு. வயரு பூரா புதுசு மாத்திட்டேன், ஆனாலும் ஈரக் காலோட போவ வேண்டாம். செருப்பு போட்டுட்டுப் போவச் சொல்லு தாயி."

கனியின் கால் நின்றுவிட்டது.

"விடுங்க அவரை" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தரம், கொட்டகையில் வாசிக்கிற குரலில், "விடுங்க அவரை!" என்றாள். மடியிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கடைசித் தாளை விரித்துக் காட்டினாள். "நல்லாப் பாருங்க. கடைசிப் பக்கம் இதுல இல்ல. ஒரு நெழல்னு நான் வாசிச்சது புஸ்தகத்துல கெடையாது. நானாச் சொன்னது. பொய் சொன்னேன்."

கூட்டம் அறுந்த காகிதத்தைப் பார்த்தது. இன்பராஜ் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே வந்தார்.

"கிழிச்சிருக்காவ" என்றார். "யாரு கிழிச்சா?"

"யாரும் கிழிக்கல அண்ணாச்சி. பழைய பேப்பர் கடையில வாங்குன புஸ்தகம், அறுந்து போச்சு."

"நேத்து இருந்த பக்கம் இன்னைக்கு இல்ல. ஏட்டி, ஒன்னை யாரு மெரட்டுனா? இப்பிடிச் சொல்லச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல!" கனிக்கு அழுகையும் ஆங்காரமும் சேர்ந்து வந்தது. "எங்க வீட்டுக்காரவியள அனுப்புனது நான். கஞ்சி ஆறட்டும், மோட்டாரப் போட்டுட்டு வாங்கன்னு நாந்தான் சொன்னேன். வயரு உப்புக்காத்துல இத்துப் போயிருந்துச்சு. அவிய கால் ஈரமா இருந்துச்சு. எந்த நாக்காலிக்காரனுக்கும் அவியளத் தெரியாது. நம்ம ஒருத்தரையும் எவனுக்கும் தெரியாது. யாருமே செய்யல. சும்மா செத்துப் போனாவ!"

அந்தச் 'சும்மா' அம்பாரத்தில் பட்டு, பாத்தியில் பட்டு, உப்பின் மேல் உருண்டு போனது. பேச்சித்தங்கம் காதைப் பொத்திக்கொண்டாள். அந்த ஊரில் அதைவிடக் கெட்ட வார்த்தையை அன்றுவரை ஒருத்தரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்போது கனியின் பின்னால் பத்தடி தள்ளி நின்ற நிழல், கோட்டின் கழுத்துப் பட்டையை ஏற்றிவிட்டுக்கொண்டு, திரும்பி, கடற்பக்கமாக நடந்தது. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கடைசிப் பாத்தியைத் தாண்டி, சின்னதாகி, இல்லாமல் போனது.

"ஏளா, ஒனக்கும் ஒண்ணுதானா?" என்றாள் பேச்சித்தங்கம், இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டே.

பின்வாங்கின கூட்டத்தை இன்பராஜ்தான் அமர்த்தினார். ஒற்றை நிழல்காரர்கள் இப்போது இரண்டு பேர் ஆகிவிட்டார்கள், கிணற்றில் இறக்கினால் ஜெனீவாக்காரர்கள் நாலு பேரை அனுப்புவார்கள், அதுதான் அவர்களுக்கு வேண்டியது, நாம் ஏமாறக் கூடாது என்று விளக்கினார். நம் முகத்தைப் பார்த்துத்தான் இவர்கள் தகவல் எடுக்கிறார்கள். ஆகையால் இன்றுமுதல் இந்த இரண்டு பேரையும் ஊரில் யாரும் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, இவர்கள் வருகிற வரப்பில் வரக் கூடாது. அத்தனை பேரும் சரி என்றார்கள். கங்காணி உட்பட எல்லோரும் ஒரே சமயத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தங்கள் நிழல்களைக் கூட்டிக்கொண்டு, அம்பாரத்துப் பக்கம் போனார்கள்.

கனி கோயில்பிச்சையின் கைக்கட்டை அவிழ்த்தாள். கயிறு அழுந்தின இடத்தைத் தேய்த்துக்கொண்டே, "என்ன தங்கச்சி, எல்லாரும் என்ன சொல்லுதாவ?" என்று கேட்டான்.

அவன் காதோடு வாயை வைத்துக் கத்தினாள். "எங்க வீட்டுக்காரவிய சும்மா செத்துப் போனாவன்னு சொன்னேன். அதுக்குக் கோவம்!"

அவன் வரப்பில் இன்பராஜ் போட்டுவிட்டுப் போயிருந்த வயர்த் துண்டை எடுத்து, மண்ணைத் துடைத்தான்.

"அன்னைக்குக் காய்ச்சல் இல்லேன்னா நான்தான் போயிருப்பேன். என் சாவு தாயி இது, அவிய எடுத்துக்கிட்டாவ. கீழ போட மனசு வரல, அதான் வச்சிருந்தேன். ஒங்கிட்டச் சொல்லணும்னு மூணு வருசமா நெனைக்கேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல?"

அதைச் சொல்லிவிட்டு, மோட்டாரை நிறுத்த அவன் வேகமாகப் போனான்.

கனி வீட்டுக்கு நடந்தாள். கடைத்தெருவில் வந்தவர்கள் அவளைக் கண்டதும் சுவரைப் பார்த்தார்கள். குழாயடியில் பெண்கள் குடத்துக்குள் பார்த்தார்கள். அவள் வழக்கம்போல ஒரு தடவை திரும்பினாள். உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த வெயில்தான் பின்னால் இருந்தது. கதவைச் சாத்தத் தோன்றவில்லை, யாருக்காகச் சாத்துவது? கொடியில் வேல்ச்சாமியின் பழைய சட்டை தொங்கியது. அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில், தெருவாசல் அகலத் திறந்திருக்க, அவள் வாய்விட்டு அழுதாள். சதி செய்தவன் மேல் வருகிற கோபமான அழுகை இல்லை அது. கஞ்சி குடிக்காமல் போன ஒரு மனுஷனுக்காக, வெறும் மனுஷனுக்காக, மூன்று வருடம் கழித்து வந்த அழுகை. தெருவில் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருந்தார்கள். ஒருத்தரும் பார்க்கவில்லை.